பல்லடம் டு பள்ளிபாளையம்... கோழியோடு ஒரு பயணம்!

கோவையிலிருந்து திருச்சி போகும் சாலையில் பல்லடத்தை நெருங்கும்போதே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே நீள நீளமான கூரைகள் தெரிய ஆரம்பிக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் ஏதோ நூற்பாலை குடோன் என்று நினைப்பார்கள். கிட்டே போனால் சுவருக்குப் பதில் கம்பிவலை இருக்கும். எந்தக் கூரையைப் பார்த்தாலும் கிழக்கு மேற்காகவே நீண்டிருக்கும். வெயில் நேராக உள்ளே விழக் கூடாது என்பதற்காக அப்படிக் கட்டுகிறார்கள். அத்தனையும் கறிக்கோழிப் பண்ணைகள். முட்டைக்கு நாமக்கல் எப்படியோ, கறிக்கோழிக்குப் பல்லடம் அப்படி. இங்கே இருக்கும் ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிற பண்ணைக் கொள்முதல் விலையை ஒட்டித்தான், உங்கள் தெருமுனைக் கடையின் கரும்பலகையில் கிலோ விலை மாறுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக் குக்கரில் விசில் அடிக்கிற கோழி எங்கிருந்து கிளம்புகிறது, வழியில் என்னவெல்லாம் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று ஒருமுறை கூடவே வந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. அதனால் ஒரு சனிக்கிழமை பல்லடத்தில் ஆரம்பித்தேன்.

பண்ணை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். “ரெண்டு மூணு நாளுக்குள்ள வேற பண்ணைக்கு எங்கயாச்சும் போனீங்களா கண்ணு?” என்றார் பண்ணைக்காரர். அறுபதைத் தாண்டியவர். இல்லை என்றதும், “அப்பச் செருப்ப அங்கயே உட்டுட்டு இந்த பூட்ஸப் போட்டுக்குங்க. தொட்டில கால நனைச்சுட்டு வாங்க” என்றார். கொட்டகை வாசலில் ஒரு சிமென்ட் தொட்டி. அதில் கிருமிநாசினி கலந்த தண்ணீர். அவரும் நனைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். “நோய் உள்ள வந்துச்சுன்னா ஒரு பேட்ச்சே போயிருமுங்க. வெளிய இருக்கறது வெளியவே இருக்கோணும்” என்றார்.

உள்ளே தரையெல்லாம் தேங்காய் நார்க்கழிவு மெத்தை. அதன்மேல் வெள்ளை வெள்ளையாகப் பல்லாயிரம் கோழிகள். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுத்துவிடும். கொட்டகையும் உழைப்பும் பண்ணைக்காரருடையது. கோழி வளர்ந்ததும் கம்பெனியே எடுத்துக்கொண்டு, எடைக்கு ஏற்ப வளர்ப்புக் கூலி கொடுக்கும். ஒரு நாள் குஞ்சாக வருவது, நாற்பது நாள் சுமாருக்கு இரண்டு கிலோ ஆகிவிடுகிறது. “எம் பேரனுக்குப் பல்லு மொளைக்கறதுக்குள்ள நாலு பேட்ச் போயிருச்சுங்க” என்று சிரித்தார். இந்த நாற்பது நாள் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

அவர் காட்டிய கோழிகள் எல்லாமே துறுதுறுவென்றுதான் இருந்தன. விஷயமே அங்கேதான். நம்மைப் படுக்கவைக்கும் சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் போன்ற பாக்டீரியாக்கள் கோழியின் குடலில் சத்தமில்லாமல் குடியிருக்கும். கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கோழியின் உடம்புச் சூடு நம்மைவிட அதிகம், 41, 42 டிகிரி. கேம்பிலோபேக்டருக்கு அந்தச் சூடுதான் பிடிக்கும். எனவே, நல்ல ஆரோக்கியமான கோழி என்பதால் அதன் மேல் கிருமி இல்லை என்று சொல்ல முடியாது. பண்ணைக்காரரும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கடைக்காரரும் முடியாது. முகர்ந்து பார்த்தும் தெரியாது. நாட்டுக்கோழி என்றால் தப்பிக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். அதற்கும் குடல் இருக்கிறது.

வெயில் தாழ்ந்து இருட்டிய பிறகுதான் கோழி பிடிக்கும் வேலை. பகலில் பிடித்தால் சூட்டில் செத்துவிடும். பிடிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்திவிடுகிறார்கள். குடல் காலியாக இருந்தால் வழியிலும் கூண்டிலும் எச்சம் குறையும். வெட்டும்போதும் குடல் கிழிந்து கறியில் படுவது குறையும். ஆனாலும், ஒரே வண்டியில் அடுக்கடுக்காகக் கூண்டு ஏற்றும்போது, மேல் கூண்டின் எச்சம் கீழ்க் கூண்டின் இறகில் விழாமல் இருக்காது.

வண்டி ஈரோட்டுப் பக்கம் போகிறது என்றார்கள். எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்தது. ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். அங்கே தெரிந்த ஒரு வீட்டில் ஞாயிறு மதியம் சாப்பாடு. கறியை நான் வாங்கிவருகிறேன் என்று பிடிவாதமாகச் சொல்லியிருந்தேன். “ஒறம்பரையா வர்றவங்க கறி வாங்கியாறதா?” என்று அந்த வீட்டு அம்மா கோபித்துக்கொண்டு, கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். “சரிங்க, சின்னப் பீஸா வெட்டச் சொல்லுங்க. கேரி பேக்ல வாங்கிட்டு வந்துராதீங்க. தூக்குப்போசில வாங்குங்க.”

காலையில் காங்கேயம், அறச்சலூர் வழியாக ஈரோடு. ஒன்பது மணிக்கே வெயில் முதுகில் அறைந்தது. ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூண்டு, தராசு, நீல டிரம், இறகு பிடுங்கும் மெஷின், நடுவே புளியமரக் கட்டை. இரண்டு கோழிக்கு நடுவே கட்டையைக் கழுவுவதற்கு அங்கே நேரம் ஏது? ஒரே கத்தி, ஒரே கட்டை, ஒரே வாளித் தண்ணீர். பத்தாவது கோழியில் கிருமி இருந்தால் பதினோராவது கோழிக்கும் கொஞ்சம் போகும். அதற்காகக் கடைக்காரரைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. வாங்கும் ஒவ்வொரு கிலோவிலும் கிருமி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப்போவதுதான் புத்திசாலித்தனம்.

கடையைத் தேர்ந்தெடுக்க என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு. வெட்டுபவரே காசு வாங்கிச் சில்லறை கொடுக்கிற கடைக்குப் போக மாட்டேன். அந்த ஈரமான பத்து ரூபாய் நோட்டு அடுத்து எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் நின்ற கடையில் வெட்டுவது ஒரு தம்பி, காசு வாங்குவது அவர் அக்கா. நிம்மதியாகப் போசியை நீட்டினேன்.

தூக்குப்போசி என்பது மூடியும் கைப்பிடியும் உள்ள எவர்சில்வர் பாத்திரம். மற்ற ஊர்க்காரர்கள் தூக்குவாளி என்பார்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலிருந்து தடை. ஆனாலும், கறுப்புப் பை இன்னும் ஒழிந்தபாடில்லை. பையில் எங்காவது ஊசிமுனை ஓட்டை இருக்கும். அதே கட்டைப்பையில் கொத்தமல்லிக் கட்டும் வெள்ளரிக்காயும் இருக்கும். கறித்தண்ணீர் ஒழுகி அதன்மேல் இறங்கினால், கோழி வேகும், வெள்ளரிக்காய் வேகாது. போசியில் அந்தப் பிரச்னை கிடையாது.

நேரக் கணக்கும் முக்கியம். சமைக்காத கறி வெளியே இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான் என்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறை. ஈரோட்டுச் சித்திரையில் 32 டிகிரி என்பது காலைப் பலகார நேரத்துக்கே வந்துவிடும். அதனால் நம் ஊருக்கு ஒரு மணி நேரக் கணக்குதான் பொருந்தும். காய்கறி, மளிகை, பூ எல்லாம் வாங்கி முடித்து, கடைசியாகக் கோழிக்கடைக்குப் போங்கள். கோழியை வாங்கி பைக்கில் மாட்டிவிட்டுத் தெரிந்தவரோடு டீ குடிக்க நிற்காதீர்கள்.

ஈரோட்டை மஞ்சள் மாநகரம் என்பார்கள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோழிக்கும் மஞ்சளுக்கும் நம் வீடுகளில் பிரிக்க முடியாத உறவு. கறி வந்ததும் மஞ்சள்தூளும் கல் உப்பும் போட்டுப் பிசறி, மூன்று தண்ணீரில் அலசினால்தான் நம் மனசு ஆறும். கவுச்சி வாடை குறையும் என்பது உண்மை. மஞ்சளுக்குக் கிருமிகளை எதிர்க்கும் குணம் கொஞ்சம் உண்டு என்பதும் உண்மை. ஆனால், இரண்டு நிமிஷம் பிசறி அலசினால் கறியில் இருக்கும் பாக்டீரியா செத்துவிடும் என்று நம்பினால் ஏமாந்துபோவோம். எலுமிச்சை, வினிகர், தயிர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சுவைக்குச் சேர்க்கலாம், காவலுக்கு அது போதாது. கறியில் இருக்கிற பாக்டீரியாவை முழுசாகக் கொல்வது அடுப்புச் சூடுதான்.

இங்கே ஒரு சர்ச்சை இருக்கிறது. பிரிட்டனின் உணவுத் தர முகமை 2014ல் ‘பச்சைக் கோழியைக் கழுவாதீர்கள்’ என்று பெரிய பிரசாரமே நடத்தியது. குழாய்த் தண்ணீர் கறியில் பட்டுத் தெறிக்கும்போது கேம்பிலோபேக்டரும் சேர்ந்து தெறிக்கிறது என்பது காரணம். இதைச் சொன்னால் நம் ஊர்ப் பாட்டிகள் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. அந்த ஊரில் கோழி, தொழிற்சாலையில் சுத்தம் செய்து, குளிரூட்டி, பிளாஸ்டிக் தட்டில் வருகிறது. நம் ஊரில் கண் முன்னால் வெட்டிய கறியில் ரத்தம் இருக்கும், இறகு இருக்கும், எலும்புத் தூள் இருக்கும். அலசாமல் எப்படிச் சட்டியில் போடுவது?

இதில் இன்னொரு ஆய்வும் இருக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறைக்காக வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் செய்தது, 2019ல் வெளிவந்தது. தீங்கில்லாத ஒரு பாக்டீரியாவைக் கறியில் தடவிக் கொடுத்து, ஒரு சாலட்டும் செய்யச் சொல்லி, அது எங்கெல்லாம் போகிறது என்று பார்த்தார்கள். கோழியைக் கழுவியவர்களில் 60 சதவிகிதம் பேரின் சிங்க்கில் அது இருந்தது. தேய்த்துக் கழுவிய பிறகும் 14 சதவிகிதம் பேரின் சிங்க்கில் மிச்சம் இருந்தது. 26 சதவிகிதம் பேருக்கு அது சாலட் இலையிலும் ஏறியிருந்தது. சரி, கழுவாதவர்கள்? அவர்களிலும் 31 சதவிகிதம் பேரின் சாலட்டில் அது இருந்தது! கையைச் சரியாகக் கழுவாததுதான் காரணம் என்றார்கள். ஆக, கழுவாவிட்டால் தப்பித்தோம் என்றும் இல்லை. கையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் அது பச்சையாகச் சாப்பிடும் பொருளுக்குத் தாவுகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கு நான் பார்த்ததிலேயே நல்ல பதில் பள்ளிபாளையத்தில் கிடைத்தது.

பாலத்தைத் தாண்டும்போது காவிரியில் தண்ணீர் பாறைகளுக்கு இடையே மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் இறங்கியதும் விசைத்தறிச் சத்தம் ஆரம்பித்துவிடும். லுங்கி, துண்டு என்று வீட்டுக்கு வீடு தறி ஓடும் ஊர். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் மெனு கார்டில்தான் அறிமுகம். பள்ளிபாளையம் சிக்கன் இல்லாத கொங்கு ஹோட்டல் உண்டா?

வீட்டுக்குள் நுழைந்ததும் போசியை நீட்டினேன். அந்த அம்மா அதை வாங்கிச் சமையலறைக்குக் கொண்டுபோவார் என்று பார்த்தால், நேராகப் பொடக்காலிக்குப் போனார். கொங்கு நாட்டில் கொல்லைப்புறத்தைப் பொடக்காலி என்பார்கள். அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி, துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கல், ஓரத்தில் ஒரு வாழை.

“இது எங்க மாமியாக் காலத்துக் கல்லுங்க. கறின்னா இங்கதான். கறிச்சட்டியும் வீட்டுக்குள்ள வைக்க மாட்டாங்க, தனியா இங்கயே கவுத்தி வெச்சுருப்பாங்க. கவுச்சிக் கையோட குடத்தத் தொட்டா அவங்க உடுற சத்தத்துல தெருவே திரும்பிப் பாக்கும்” என்றார்.

கவுச்சி! கிருமி என்ற சொல் வீடுகளுக்குள் வருவதற்கு முன்பே நம்மவர்கள் வைத்திருந்த சொல். கவுச்சிக் கை, கவுச்சிப் பாத்திரம், கவுச்சித் தண்ணீர். எதை எதோடு சேர்க்கக் கூடாது என்ற கணக்கு முழுக்க அதில் இருக்கிறது. பழைய வீடுகளில் கறி கழுவுகிற இடத்துக்கும் குடிக்கிற தண்ணீருக்கும் இருபது அடி இருந்தது. தெறித்தால் வாழையில் தெறிக்கும். இப்போது நாம் அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். அதே மூன்று தண்ணீர்க் கழுவலைக் கூடவே கொண்டுவந்துவிட்டோம். இருபது அடியைக் கொண்டுவர முடியவில்லை. இன்று சிங்க்குக்கு ஒரு பக்கம் கழுவிக் கவிழ்த்த டம்ளர், இன்னொரு பக்கம் தக்காளிக் கூடை, தலைக்கு மேல் வாட்டர் பியூரிஃபையர். கைக்குழந்தையின் பால் பாட்டிலும் அங்கேதான் இருக்கிறது.

அதற்காகப் பழங்காலம் எல்லாமே சுத்தம் என்று நான் சொல்லவரவில்லை. அதே பொடக்காலியில்தான் கோழியும் மேயும், குழந்தையும் தவழும். தவிர, கவுச்சி என்பது மூக்கால் அளக்கிற அளவு. சோப்புப் போட்டு வாடை போய்விட்டால் கவுச்சி போய்விட்டது என்று நினைப்போம். பாக்டீரியாவுக்கு வாடை கிடையாது.

இந்த அம்மாவும் நடுவில் பல வருஷம் உள்ளே சிங்க்கில்தான் கழுவியிருக்கிறார். மறுபடியும் பொடக்காலிக்கு வந்ததற்குக் காரணம் அவருடைய பேத்தி. போன வருஷம் மகள் தாய்வீட்டில் இருந்தபோது, எட்டு மாதக் குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். மலத்தில் ரத்தம் தெரிந்ததும் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். நாலு நாள் சேர்த்துவைத்து டிரிப் ஏற்றியிருக்கிறார்கள். பரிசோதனையில் சால்மோனெல்லா என்று வந்திருக்கிறது. “வீட்டுல கோழி, முட்டை சமைச்சீங்களாம்மா?” என்று டாக்டர் கேட்டாராம்.

“சமைச்சோம் சார், ஆனாக் கொழந்த கறியே திங்கலயேன்னு நாஞ் சொன்னனுங்க. மசிச்ச வாழப்பழந்தான் குடுத்தோம். ‘பழத்த மசிச்ச கிண்ணி எங்க இருந்துச்சும்மா’ன்னு கேட்டாருங்க. எனக்குப் பேச்சே வர்ல” என்றார். கிண்ணம், கறி கழுவிய சிங்க்குக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. அதிலிருந்துதான் வந்தது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. இந்த அம்மா காத்திருக்கவில்லை, அடுத்த ஞாயிறே கறிக்கல்லைத் தேய்த்துக் கழுவிவிட்டார்.

பொதுவாக நமக்கு எந்தச் சாப்பாட்டால் வந்தது என்று பிடிபடாததற்கு ஒரு காரணம் உண்டு. சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலும் காட்டும், ஆறு நாள் கழித்தும் காட்டும். கேம்பிலோபேக்டருக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாள். புதன்கிழமை வயிறு கெட்டால் நாம் செவ்வாய்க்கிழமை தின்ற பஜ்ஜியைத் திட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை சிங்க்கை நினைக்கவே மாட்டோம். பெரியவர்களுக்கு மூன்று நாளில் சரியாகிவிடலாம். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கிற வீட்டில் விளையாடக் கூடாது. மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், சிறுநீர் குறைவது, குழந்தை சோர்ந்து கிடப்பது என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். போகிற வழியிலும் ஓ.ஆர்.எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே போகலாம்.

சரி, பொடக்காலி இல்லாதவர்கள் என்ன செய்வது? அந்த அம்மா வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே அதைத்தான் யோசித்தேன். அவருடைய முறையை எந்த ஃபிளாட்டுக்கும் கொண்டுபோகலாம்.

கறியைத் தொடுவதற்கு முன்பே அவர் மற்ற வேலைகளை முடித்துவிடுகிறார். சின்ன வெங்காயம் உரித்தாகிவிட்டது, தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் அரிந்து மூடி உள்ளே போய்விட்டது. தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி வைத்தாகிவிட்டது. இந்தத் தேங்காய்ப் பல் முக்கியம். சமையல் நடக்கும்போது வீட்டில் போகிற வருகிற சின்னதுகள் எல்லாம் அதில் ஒன்று எடுத்து வாயில் போடும். கறி அரிந்த பலகையில் அதைக் கீறினால் என்ன ஆகும்? அதனால் பச்சையாக வாய்க்குப் போகிற எல்லாமே முதலில், கறி கடைசியில். பலகையும் கத்தியும் கறிக்குத் தனி.

அஞ்சறைப்பெட்டியை அவர் பக்கத்திலேயே கொண்டுவரவில்லை. தேவையான மஞ்சள்தூளையும் உப்பையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் முன்பே எடுத்துக்கொண்டார். கறிக் கையோடு அஞ்சறைப்பெட்டியைத் திறந்து, அதே ஸ்பூனைப் பிடித்து, உப்பு ஜாடியில் விரலை விட்டு... நாளைக் காலை அதே பெட்டியிலிருந்துதான் இட்லிப்பொடிக்கு உப்பு எடுப்போம். இந்தக் காலத்தில் அஞ்சறைப்பெட்டியைவிட மோசம் கையிலிருக்கும் மொபைல். ரெசிப்பி வீடியோவை நிறுத்த, கறிக் கையின் சுண்டுவிரலால் திரையைத் தொடுகிறோம். சிங்க்கைக் கழுவுகிறோம், கையைக் கழுவுகிறோம், மொபைலை யார் கழுவுகிறார்கள்? வீடியோவை முதலிலேயே பார்த்துவிட்டு மொபைலை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

வளையலை ஏற்றிவிட்டு, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கழுவ உட்கார்ந்தார். குழாய்க்கு அடியில் கறியை நீட்டவே இல்லை. அகலமான சருவத்தில் முதலில் தண்ணீர், பிறகு கறியை மெல்ல உள்ளே இறக்கினார். தண்ணீருக்குள்ளேயே கையால் அளைந்தார். இறகுக் குச்சியை எடுத்துப்போட்டார். தண்ணீரைச் சாய்க்கும்போதும் பாத்திரத்தைத் தரையோடு ஒட்டிச் சாய்த்தார். ஒரு சொட்டு தெறிக்கவில்லை. குழாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அதிகமாகத் தெறிக்கிறது, கறி மெத்தென்று இருப்பதால் தண்ணீர் விழும் இடம் குழிந்து இன்னும் அதிகமாகத் தெறிக்கிறது என்று 2022ல் ஓர் இயற்பியல் ஆய்வு வந்தது. கழுவியே ஆக வேண்டும் என்பவர்கள் இப்படிக் கழுவலாம். ஃபிளாட்டில் என்றால் சிங்க்கைச் சுற்றி இருக்கும் பாத்திரம், காய்கறி எல்லாவற்றையும் முதலில் அப்புறப்படுத்திவிட்டு, சருவத்தை சிங்க்குக்கு உள்ளே இறக்கி வைத்துச் செய்ய வேண்டும். முடிந்ததும் சிங்க், குழாய்த் திருகு, மேடை மூன்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீர் விட வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் சுத்தம் செய்து பேக்கெட்டில் வருகிற கறி என்றால் கழுவவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

கறி சட்டிக்குப் போனதும் கையை முழங்கை வரை சோப்புப் போட்டு, நகக்கண் விடாமல் தேய்த்தார். 20 விநாடி என்பது சர்வதேசக் கணக்கு. வாளியில் முன்பே தண்ணீர் பிடித்து வைத்திருந்ததால் குழாயைத் தொட வேண்டியிருக்கவில்லை. கறி கழுவின இடத்தைத் துடைத்த துணி நேராகக் கொதிதண்ணீருக்குப் போனது. நம் வீடுகளில் அடுப்படிப் பிடிதுணி ஒன்று இருக்கும். மேடையைத் துடைக்கும், கையைத் துடைக்கும், தட்டையும் துடைக்கும். அந்த வீட்டில் கறி நாளன்று அதற்கு லீவு.

இனிமேல்தான் சாப்பாட்டு விஷயம். பள்ளிபாளையம் சிக்கனில் தக்காளி கிடையாது, மசாலாப் பொடியும் கிடையாது. வரமிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டு நல்லெண்ணெயில் போடுகிறார்கள். நிறைய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, அப்புறம் கறி, மஞ்சள்தூள், உப்பு. தண்ணீர் தெளித்து மூடி, கறி பாதி வெந்ததும் தேங்காய்ப் பல்லைப் போட்டுச் சுண்ட வைக்கிறார்கள். வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். பூண்டு சேர்ப்பவர்களும் உண்டு. (மிளகாய் விதை எடுத்த கையால் கண்ணைக் கசக்கினால் கோழியாவது கிருமியாவது, எல்லாம் மறந்துபோகும்.)

இந்தப் பண்டத்தில் கறியைச் சின்னச் சின்னதாக வெட்டுவது காரம் ஏறுவதற்காகத்தான். பாதுகாப்புக்கும் அது நல்லது. உள்சூடு 74 டிகிரி தொட்டால் கோழி பத்திரம் என்பது அளவு. சின்னத் துண்டுகள் மூடிய சட்டியில் கொதிக்கும்போது அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். குழம்பும் அப்படித்தான். சிக்கல் எங்கே என்றால், முழுத் தொடையை கிரில் செய்யும்போது, ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் கட்டிக் கறியை அவசரமாக எண்ணெயில் போடும்போது. வெளியே கருகும், எலும்போரம் வேகாது. ஐஸ் விடுவதற்கு மேடையில் வைக்காமல், முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஃபிரீசர் கிருமியைத் தூங்கத்தான் வைக்கும், கொல்லாது.

அந்த நாற்பது நாள் கணக்கு இங்கேதான் வருகிறது. நன்றாக வெந்த பிறகும் எலும்பை ஒட்டிச் சிவப்பாக இருந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். இளங்கோழியின் எலும்பு முற்றாமல் நுண்துளையோடு இருக்கும். மஜ்ஜையின் சிவப்பு அதன் வழியாகக் கறியில் இறங்கும். ஆகவே, நிறத்தை மட்டும் வைத்து வெந்தது, வேகவில்லை என்று முடிவுகட்ட முடியாது. சந்தேகம் இருந்தால் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், பெரிய துண்டைப் பிய்த்துப் பார்த்து, கறி எலும்பிலிருந்து கழன்று வருகிறதா, உள்ளே ஆவி பறக்கிறதா என்று பார்த்து, இன்னும் ஐந்து நிமிஷம் மூடி வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

தறிச் சத்தம் ஞாயிறு மதியம் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. வாழையிலையில் சோறு, பள்ளிபாளையம் சிக்கன், ரசம், அந்த வெங்காயப் பச்சடி. ஒன்றே முக்கால் வயதுப் பேத்தி, “அமிச்சி, தேங்கா” என்று கை நீட்ட, காரம் படாமல் தனியாக எடுத்துவைத்திருந்த தேங்காய்ப் பல்லை மூடியைத் திறந்து கொடுத்தார்.

சட்டியில் கறி மிச்சம் இருந்தது. சாயங்காலத்துக்கு என்று அடுப்பு மேலேயே விடாமல், அகலமான தட்டில் பரப்பிச் சூடு ஆறியதும் மூடி, ஃபிரிட்ஜில் மேல்தட்டில் வைத்தார். கீழ்த்தட்டில், மூடிய டப்பாவில், மறுநாள் குழம்புக்கு எடுத்துவைத்த கால் கிலோ பச்சைக் கறி. பச்சைக் கறி எப்போதும் கீழேதான். மேலே இருந்தால் ஒழுகும். ஒன்றிரண்டு நாளுக்குமேல் அது ஃபிரிட்ஜில் தாங்காது. மறுநாள் சாப்பிடும்போது மேலாகச் சுட வைத்தால் போதாது, ஆவி பறக்கக் கொதிக்க வேண்டும்.

நான் கிளம்பும்போது என் தூக்குப்போசி பொடக்காலிக் கல்லின்மேல் வெயிலில் கவிழ்ந்து கிடந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிதண்ணீர் ஊற்றிக் காய வைத்திருந்தார். வெறும் போசியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று உள்ளே நாலு எலுமிச்சம்பழம் போட்டுக் கொடுத்தார்.